லைட்டை அணைங்கன்னு கேட்ட அக்கா

மேடையில இருக்கிற நம்ம கடல் ஆமை பாதுகாப்புத் திட்டத்தோட தலைவர் அவர்களே, இருக்கிற வேலையெல்லாம் தள்ளி வச்சுட்டு வந்திருக்கிற வனத்துறை அதிகாரி அவர்களே, ஆமை முட்டையைப் பாதுகாப்பா வச்சுப் பொரிக்க வைக்கிற பொரிப்பகத்துக்கு வேலி போட தன்னோட வலை காயப்போடுற இடத்தையே விட்டுக்கொடுத்த பெரியவர் அவர்களே, வருஷா வருஷம் பிள்ளைங்களை நம்பி எங்ககூட அனுப்புற தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, அடிபட்ட ஆமையைத் தூக்கிட்டு எந்நேரம் போய் நின்னாலும் கதவைத் திறக்கிற கால்நடை டாக்டர் அவர்களே (டாக்டர் கடைசி வரிசையில உக்காந்திருக்காரு, தம்பி, அவரை முன்னாடி கூட்டிட்டு வாங்க, அவர் அங்க உக்காரக் கூடாது), ராத்திரி பூரா நடந்துட்டு தூங்காம வந்திருக்கிற வாலண்டியர் தம்பி தங்கச்சிங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஆமை முட்டை போடுற சீசன் 18 எங்ககூட நடந்த அக்காவை இன்னிக்கு வழியனுப்புறோம். அவங்களைப் பத்தி மூணு விஷயம் சொல்லணும்னு வந்தேன். ஒண்ணு அவங்க நடை, ரெண்டு அவங்க நோட்டு, மூணு அவங்க கோவம்.

நடைன்னா, ஒரு ராத்திரிக்கு ஆறு கிலோமீட்டர், மணல்ல, டார்ச் அடிக்காம. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க. இருட்டுல ஆமைத் தடத்தை அவங்க கால்லயே கண்டுபிடிப்பாங்க, "இங்க மணல் இளகியிருக்கு, நில்லு"ன்னு சொல்லிட்டு மண்டி போட்டு கையாலயே தோண்டுவாங்க. ஆலிவ் ரிட்லிங்கிறதுதான் இங்க வர்ற கடல் ஆமை, அதோட குழி ஏறக்குறைய ஒரு முழம் ஆழம், முழங்கை உள்ள போற நேரத்துல விரல்ல ஈரமா, மெத்துன்னு முட்டை தட்டுப்படும், நூறுக்கு மேல இருக்கும். போட்ட சில மணி நேரத்துக்குள்ள எடுத்து பொரிப்பகத்துல வச்சுடணும், லேட்டாச்சுன்னா உள்ள கரு ஓட்டோட ஒட்டிக்கும், அப்புறம் உருட்டினா செத்துப்போயிடும். அதனால எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அதே பக்கம் மேல இருக்கிற மாதிரி ஒவ்வொண்ணா எடுப்பாங்க. நான் முதல் நாள் அள்ளிப் போட்டேன், கையைப் பிடிச்சு நிறுத்துனாங்க. அந்தப் பிடி இன்னும் ஞாபகம் இருக்கு.

நோட்டு இந்தக் கோவக் கதைக்குள்ளயே வரும், அதனால கோவத்தைச் சொல்லிடுறேன்.

நான் சேர்ந்து ரெண்டாவது சீசன். விடியக்காலம் மூணு மணி இருக்கும். நாங்க பார்க்காம விட்டுட்ட ஒரு குழி தானாவே பொரிஞ்சிருக்கு. சின்னச் சின்னத் தடம், மணல்ல சீப்பால கோடு போட்ட மாதிரி, அத்தனையும் கடலுக்குப் போகாம கரைப்பக்கம் போகுது. அக்கா ஒண்ணுமே பேசல, தடத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடுனாங்க, நான் பின்னாடி. போய்ப் பார்த்தா கரையோரம் ஒரு விடுதி, மாடியில பெரிய ஃபோகஸ் லைட், கடலைப் பார்த்து பகல் மாதிரி எரியுது. புல்தரையில குஞ்சு, கார் டயருக்கு அடியில குஞ்சு, மழைத்தண்ணிக் கால்வாய்க்குள்ள குஞ்சு. துப்பட்டாவை விரிச்சு பொறுக்க ஆரம்பிச்சாங்க, அந்த சத்தத்துல மேனேஜர் எழுந்து வந்து யாரு நீங்க, திருட வந்தீங்களான்னு கத்துறாரு. அக்கா கத்தல. ஒரு குஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையில வச்சாங்க. உங்கள்ல வச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது நிக்கவே நிக்காது, துடுப்பால உள்ளங்கையை வரட்டு வரட்டுன்னு சுரண்டிக்கிட்டே இருக்கும். "சார், இது உங்க லைட்டைக் கடல்னு நெனச்சு வந்திருக்கு, அணைங்க சார்"னு சொன்னாங்க. அவரு குனிஞ்சு கையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு, ஆனா அணைக்கல, ஓனர் சொல்லணும்னுட்டாரு. 61 குஞ்சைக் கடல்ல விட்டோம், 14 செத்துக் கிடந்துச்சு, அந்த 14-ஐயும் வரிசையா வச்சு எண்ணி நோட்டுல எழுதுனாங்க, நான் சொன்ன நோட்டு அதுதான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா அந்த விடுதி வாசல்ல போய் நின்னாங்க. அதுக்கு மறுநாளும் நின்னாங்க. 27 நாள்ங்க! சத்தம் போடல, போர்டு பிடிக்கல, "லைட்டை அணைச்சீங்களா சார்"னு கேட்டுட்டு நடைக்கு வந்துடுவாங்க. 27-ஆவது நாள் ஓனரே இறங்கி வந்து பேசுனாரு, அந்த வாரமே லைட்டைக் கீழ பார்க்கத் திருப்பி மூடி போட்டாங்க. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நான் கண்ணால பார்த்தது.

தலைவர் அவர்கள் முன்னாடியே இதைச் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. நாம முட்டையைக் காப்பாத்துறோம், வேலி போடுறோம், நாயைத் துரத்துறோம், 45 நாள் 60 நாள் காத்துக்கிட்டு இருக்கோம், கடைசியில ஒரு லைட்டு எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடுது. குஞ்சு பெரும்பாலும் மணல் குளிர்ந்த பிறகு ராத்திரிலதான் வெளிய வரும், எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் போகும், கோடிக்கணக்கான வருஷமா அது கடல் பக்கமாத்தான் இருந்துச்சு. முட்டை போட வர்ற தாய் ஆமையும் வெளிச்சத்தைப் பார்த்து திரும்பிப் போயிடுது. இதுக்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாங்க. தேவையில்லாத லைட்டை அணைக்கணும், தேவையான லைட்டைத் தாழ்வா, மறைப்பு போட்டு, கடலுக்குத் தெரியாம வைக்கணும், வெள்ளைக்குப் பதிலா சிவப்போ, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஆம்பரோ போடணும். சீசன் மாசங்கள்ல கரையோரம் பூரா இது கட்டாயம்னு ஒரு உத்தரவு வந்தா போதும், அதிகாரி அவர்கள் மனசு வச்சா நடக்கும், நான் கைகூப்பிக் கேட்டுக்கிறேன்.

ஆயிரம் குஞ்சு போனா ஒண்ணுதான் பெரிசாகும்னு சொல்லுவாங்க. ஆலிவ் ரிட்லி முட்டை போடுற வயசுக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அக்கா முதல் சீசன்ல விட்டதுல ஒண்ணு தப்பிச்சிருந்தா இந்நேரம் தாயா இந்தக் கரைக்கே திரும்பி வந்திருக்கும், போன சீசன்ல அக்கா மண்டி போட்டுப் பார்த்த ஆமைகள்ல அதுவும் இருந்திருக்கலாம். முட்டி வலியால இனிமே நடக்க முடியலன்னு சொன்னப்ப அவங்க கண்ணு கலங்குச்சு. அக்கா, நீங்க நடந்த ஆறு கிலோமீட்டரை நாங்க மூணு பேர் பிரிச்சுக்கிறோம், பேர் கொடுத்தாச்சு.

நேரமாச்சுன்னு தலைவர் பார்க்கிறாரு, முடிச்சுடுறேன். இந்த மேடைக்குப் பின்னாடி ரெண்டு ஃபோகஸ் லைட் கடலைப் பார்த்து எரியுது. மைக்செட் தம்பி, சுவிட்ச் உங்க பக்கத்துலதான் இருக்கு, அந்த ரெண்டையும் அணைச்சுடுங்க. அணைச்சாச்சா? நன்றிப்பா. அக்கா, இப்ப நீங்க மேல வாங்க, படி இருட்டா இருக்கு, என் கையைப் பிடிச்சுக்கோங்க.