சுடுகிற கையும் காசு வைத்திருக்கிற கையும்

நேயர்களுக்கு வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். அந்த விளையாட்டை நான் ஆடியதில்லை. ஆனால் அதற்காக ஒரு மாணவன் செலவழித்த பணத்தின் பட்டியலை வரி வரியாகப் படித்திருக்கிறேன். வகுப்பில் நிகழ்தகவும் நடத்துகிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பலூன் சுடுகிற கடை வரும். பலகையில் வரிசையாகப் பலூன்கள், முன்னால் ஒரு காற்றுத் துப்பாக்கி, ஐந்து குண்டுக்கு இவ்வளவு என்று ஓர் அட்டை. அண்ணன் சுடுவான். சில்லறை என் பாவாடை மடியில் இருக்கும். கடைசிக் குண்டு தப்பிவிட்டால் அவன் முகம் சிவந்துவிடும். "இன்னும் ஒரே ஒரு தடவைடீ" என்பான். "ராட்டினத்துக்குக் காசு வேணும்" என்று நான் மடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ராட்டினம் வரை நடப்பதற்குள் அவன் கோபம் ஆறிவிடும். அன்று சுடுகிற கை ஒன்று, காசு வைத்திருக்கிற கை வேறொன்று. இது இப்போதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்றைய துப்பாக்கி விளையாட்டில் சுடுவதற்குக் காசே கிடையாது. நூறு பேர் ஒரு தீவில் குதித்து, கடைசி வரை உயிரோடு இருப்பவர் வெல்லும் ஆட்டம் முழுக்க இலவசம். கண்ணும் விரலும் ஒத்துழைக்க வேண்டும், கூட்டாளிகளோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காசு கேட்பது வேறு இடத்தில். துப்பாக்கிக்குப் போடுகிற மேல்தோல், ஆளுக்கு உடை, கைக்கு உறை. பிள்ளைகள் இதை ஸ்கின் என்கிறார்கள். நல்ல ஸ்கின் பலவற்றை விலை கொடுத்து நேராக வாங்க முடியாது. ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். என்ன வரும் என்பது காசு போன பிறகுதான் தெரியும்.

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியிருந்த நேரம். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா பள்ளிக்கு வந்தார். 23 நாளில் 18,640 ரூபாய் போயிருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. "டீச்சர், துப்பாக்கிக்குச் சட்டை வாங்குனேங்கிறான். எனக்கு ஒண்ணும் விளங்கல, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார். அவர் போனில் யுபிஐ போட்டுக்கொடுத்ததே மகன்தான். வீட்டில் உரக்கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் பணம் அனுப்புகிறவனும் அவன்தான், அதனால் பின் நம்பர் அவனுக்குத் தெரியும். வங்கியிலிருந்து ஒவ்வொரு தடவையும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில்.

ஒரு மத்தியானம் அவனும் நானும் உட்கார்ந்து, பணம் போன நேரங்களை ஒரு பக்கமும் அவன் ஆடிய ஆட்டங்களின் முடிவை மறுபக்கமும் எழுதினோம். 80 ரூபாய், 80 ரூபாய், 400 ரூபாய், மறுபடி 80. பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கு மேல். எழுதி முடிக்கும் முன் அவனே சொன்னான்: "ஜெயிச்சா போனை வச்சிட்டுப் படுத்துருவேன் மிஸ். தோத்தாதான் டாப் அப் பண்ணுவேன்." ஆட்டத்துக்குள் காசு போடுவதைத்தான் டாப் அப் என்கிறான்.

தோற்ற அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று அவனிடம் கேட்டேன். ஒரு வாரம் உழைத்து ஏற்றிய ரேங்க் ஒரே ஆட்டத்தில் இறங்குகிறது. தன்னைச் சுட்டவன் யார் என்று திரை காட்டுகிறது, அவன் கையில் நெருப்புப் பற்றி எரிவது போன்ற துப்பாக்கி. காதில் கூட்டாளியின் குரல்: "நூப்பு, ஒரு ஸ்கின்னாவது போடுடா." நூப்பு என்றால் ஆடத் தெரியாதவன் என்று கேலி. ஆட்டத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் தெரிவது கடை, இன்னும் இத்தனை மணி நேரத்துக்குத்தான் என்று ஓடுகிற கடிகாரத்தோடு. ஒரு பொருள் கிடைக்கிற சந்தோஷத்தைவிட அதே அளவு பொருள் கையை விட்டுப் போகிற வலி பெரிது என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-இல் எழுதினார்கள். நம் ஊரில் சீட்டாடுகிறவர் வாயில் அது 'விட்ட இடத்தில் பிடிக்கணும்'. ஆனால் இந்தப் பையன் விட்டது ரேங்க், பிடிக்கப் போனது ஒரு படம். அந்தப் படம் அவன் ரேங்கை ஒரு படிகூட ஏற்றாது. அவன் விளையாடியதில் அது சுடுகிற வேகத்தையும் கூட்டாது. இதை அவனிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

இதெல்லாம் தற்செயலாக அமைந்ததா என்று நீங்கள் கேட்கலாம். 2017 அக்டோபரில் ஆக்டிவிஷன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. புதிதாக ஆட வந்தவரை, விலையுயர்ந்த ஆயுதம் வைத்திருக்கும் கெட்டிக்காரரோடு மோதவிட்டு, அந்த ஆயுதத்தின்மேல் ஆசை வரச்செய்வது எப்படி என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. வாங்கிய பிறகு, அந்த ஆயுதம் நன்றாக எடுபடுகிற ஆட்டத்தில் அவரைச் சேர்த்து, நல்ல பொருள்தான் வாங்கினோம் என்று நினைக்க வைப்பதும் உண்டு. எந்த விளையாட்டிலும் இதைச் செயல்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இப்படி ஒரு யோசனை தாளில் வரைந்து உரிமை கேட்கும் அளவுக்குப் போயிருக்கிறது என்பதே ஒரு தாயாக என்னைக் கலங்க வைத்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன். கவுன்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கி விளையாட்டில் 2013 ஆகஸ்டில் பெட்டிகள் வந்தன. ஒரு பெட்டியைத் திறக்கும் சாவி ஏறத்தாழ இரண்டரை டாலர். பெட்டியில் எது எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று அறிவித்தாக வேண்டும் என்று 2017-இல் சீனா விதி போட்ட பிறகு அந்தக் கணக்கு வெளியே வந்தது. எல்லோரும் ஆசைப்படுகிற கத்தி வர வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது 385-இல் ஒன்று.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். 385 புளியங்கொட்டை எண்ணி ஒரு பானையில் போட்டோம். ஒன்றுக்கு மட்டும் வெள்ளை பெயின்ட். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். 42 பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து தடவை, மொத்தம் 210. வெள்ளைக் கொட்டை வரவேயில்லை. பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நூறு பெட்டி திறந்தவர்களில் நூற்றுக்கு 77 பேருக்குக் கத்தி கிடைக்காது. சரி, 385 பெட்டியும் திறந்துவிட்டால்? சாவிக்கு மட்டும் 80,000 ரூபாய் அளவில் போயிருக்கும், அப்போதும் நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 'இத்தனை தடவை விழவில்லையே, அடுத்தது விழுந்துதானே ஆகணும்' என்று மனசு சொல்லும். போன தடவை எதை எடுத்தோம் என்று கொட்டைக்கு நினைவிருக்காது.

மணி அடித்தது. இவ்வளவு கணக்கும் போட்ட பிள்ளைகள் பத்துப் பேர் பானையைச் சுற்றி நின்று, "மிஸ், இன்னொரு தடவை" என்றார்கள். பரிசு கிடையாது, காசு கிடையாது, ஒரு புளியங்கொட்டை. கணக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நான் நம்பியிருந்தது அன்றைக்குக் கலைந்தது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்குத்தான் கை திரும்பத் திரும்ப நீளும். பெட்டி திறக்கும்போது திரையில் படங்கள் ஓடி, மெதுவாகி, கத்தியைத் தாண்டிச் சற்றே தள்ளி நிற்குமே, அதுவும் வெறும் காட்சிதான். கணினி முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டது.

டெல்டாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் புதிதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா, அறுக்கிற நேரத்தில் மழை கொட்டுமா என்று காலமெல்லாம் வானத்தைப் பார்க்கிறவர்கள் நாம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஆனால் மழைக்கும் புயலுக்கும் நம் முகம் தெரியாது. நாம் அழுதுகொண்டிருக்கிறோமா என்று பார்த்து அவை வருவதில்லை. இந்தப் பெட்டியோ, பையன் தோற்று மனம் நொந்திருக்கும் நிமிடத்தில் அவன் முன்னால் வந்து நிற்கிறது. என் வருத்தமெல்லாம் இதில்தான்.

1968-இல் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று நம் அரசே பரிசுச் சீட்டு விற்றது. குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகு 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. பெல்ஜியம் 2018-இல் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆட்டங்களைக் குறிவைக்கிறது. படம் வருகிற பெட்டியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். தெரியாமல் பணம் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே திருப்பிக் கேளுங்கள். போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். உடைத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன், பிள்ளை அடுத்த வீட்டுப் போனில் ஆடப் போய்விடுகிறது.

அந்த மாணவன் இன்னும் ஆடுகிறான். பின் நம்பரை மாற்றியாயிற்று, இப்போது அது அவன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம் ஒருநாள் இரவு, தோற்றுப்போய், 80 ரூபாய் வேண்டும் என்று அடுப்படிக்குப் போயிருக்கிறான். "பால் பொங்குது, செத்த இருடா" என்றாராம் அம்மா. பாலை இறக்கி வைத்துவிட்டு அவர் வந்து பார்த்தபோது, போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அவன் தூங்கிவிட்டிருந்தான்.