வீட்டில் சௌக்கியமா?

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்துக்கு நடந்து வந்தவர்கள் அல்சூர் ஏரியை ஒட்டி ஒரு நீள மதிலைத் தாண்டி வந்திருப்பீர்கள். எம்.இ.ஜி., அதாவது மதராஸ் இன்ஜினியர் குரூப் மதில். 1780-ல் மதராஸ் பயனியர் என்று இரண்டே கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. பட்டாளத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. முள்வேலியைத் தகர்க்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்த 'பெங்களூர் டார்பிடோ' 1912-ல் இங்கேதான் உருவானது. 1944-ல் நார்மண்டிக் கரையில் அமெரிக்கர்கள்கூட அதை வைத்துத்தான் வேலியை உடைத்தார்கள். குழாய்க்கு நம் ஊர்ப் பெயர் நின்றுவிட்டது. அந்தக் குழாயோடு கப்பல் ஏறிய தம்பிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் நிற்கவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்தார்கள். பிரான்சில் இருந்த நம் சிப்பாய்கள் 1915 வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். கடிதங்களைப் பிரித்துப் படிப்பதற்கென்றே ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் ஓர் அலுவலகம் இருந்தது. தடுத்து வைப்பதைவிட, ஆட்கள் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதுதான் அதன் முக்கிய வேலை. வாராவாரம் சில கடிதங்களிலிருந்து வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

சிப்பாய்களுக்கும் இது தெரியும். அதனால் ஜாடை பேசினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, சிவப்பு மிளகைக் கொஞ்சமாகத்தான் எடுக்கிறார்கள் என்று ஊருக்கு எழுதினார்கள். கறுப்பு மிளகு நம் ஆள், சிவப்பு மிளகு வெள்ளைக்காரன். தணிக்கைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு மிளகுக் கணக்கு எழுதுகிறான் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆனால் அந்தத் தாள்களில் பஞ்சாபின் குரல் கேட்கும், பட்டாணியரின் குரல் கேட்கும். தமிழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரான்சுக்குப் போனவர்களில் வடக்கத்தியர்தான் அதிகம். மதராஸ் படைகளில் பெரும்பகுதி இன்றைய ஈராக்கான மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. பஸ்ராவில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். பெயரே இல்லாதவன் எழுதிய கடிதத்தை எந்த அலமாரியில் போய்த் தேடுவது? அதனால் நான் என் வீட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் சாப்பர், அதாவது பட்டாளத்துப் பொறியியல் படைச் சிப்பாய். எகிப்து, பிறகு இத்தாலி. டப்பாவில் அவருடைய கடிதங்கள் ஒன்பது இருக்கின்றன. முதல் நான்கும் அவருடைய அப்பாவுக்கு. 'ம-ரா-ரா-ஸ்ரீ' என்று மரியாதையாகத் தொடங்கி, 'நலம், நலமறிய ஆவல்' என்று போய், மழை, மாடு, கடன் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் 'வீட்டில் சௌக்கியமா?' என்று முடியும். அந்த 'வீட்டில்' என்ற சொல்லுக்குள்தான் என் ஆயா உட்கார்ந்திருக்கிறாள். பெயர் கிடையாது. 'மனைவி' கிடையாது. அந்தக் காலத்து ஆண் மகன் அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் பெண்டாட்டியை அதற்குமேல் விசாரிக்க முடியாது.

ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. தமிழ் எண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். அரைகுறைத் தமிழ் படித்த தணிக்கைக்காரர் யாராவது இருந்திருந்தால், 'இந்த மதராஸிகள் ஏன் எல்லாக் கடிதத்துக்கும் இரண்டாம் நம்பர் போடுகிறார்கள், முதல் கடிதம் எங்கே?' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். ஆயா தன் பங்குக்குத் தான் அனுப்பும் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவாளாம். ரகசிய மை என்று யாரும் பிடித்து வைக்காதது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம்.

உண்மையில் தாத்தாவின் கடிதத்தைப் படித்துப் பார்த்தவர் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் பிளட்டூனின் இந்திய அதிகாரியான ஜமேதார், குடியாத்தம் பக்கத்து ஆள். தாத்தாவுக்கு ஒருவகையில் தூரத்து உறவு. மாமன் முறை வேண்டியவர் படித்துப் பார்க்கும் கடிதத்தில் கட்டினவளுக்கு என்னத்தை எழுதுவது? இந்தப் பக்கம் ஆயாவுக்குப் படிப்பு கிடையாது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், அக்கம்பக்கமெல்லாம் கேட்கும். பதில் எழுதுவது அடுத்த தெரு டீச்சரம்மா. நாலு பேர் காதில் விழாமல் அந்த இரண்டு பேர் ஒரு சொல்கூடப் பேசியிருக்க முடியாது. போர்க்காலக் காதல் கடிதம் என்று எதிர்பார்த்து இங்கே வந்தவர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

இதைவிடக் கஞ்சத்தனமான கடிதமும் உண்டு. முதல் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓர் அச்சடித்த அஞ்சலட்டை கொடுத்தது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்று வரிகள் வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினால் அட்டையை அழித்துவிடுவோம் என்று மேலேயே மிரட்டல். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் அந்த அடித்தல் கோட்டைத் தடவிப் பார்த்தே கைநடுக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடித்திருப்பார்கள்.

அதுவும் வராத வீடுகள் இருந்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஒரே நாளில் கைதிகள். இந்தக் கண்டோன்மென்டிலும் அப்படிக் காத்திருந்த வீடுகளை ஆயா சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுப் பெண்கள் கிளி ஜோசியம், பல்லி சொல், காகம் எதையும் விடவில்லை. மூடநம்பிக்கை என்று நான் சிறுவயதில் கேலி செய்வேன். பிறகு சங்க இலக்கியத்தில் முல்லைப்பாட்டு படித்தேன். போருக்குப் போனவன் வரவில்லை. வீட்டுப் பெரிய பெண்கள் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அங்கே குளிரில் நடுங்கும் ஓர் ஆயர்மகள், தாயைத் தேடித் தவிக்கும் கன்றுக்குட்டியிடம் சொல்கிறாள்: "இன்னே வருகுவர் தாயர்." இதோ வந்துவிடுவார்கள் உன் தாய்மார்கள். கன்றுக்குச் சொன்னதைத் தனக்கு வந்த செய்தியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தபாலாபீஸ் இல்லாத காலத்துத் தபால். ஆயா அதைப் படித்ததில்லை, படிக்கவும் வேண்டியதில்லை.

மாதாமாதம் மணியார்டர் மட்டும் தவறாமல் வரும். தாத்தா சம்பளத்தில் பிடித்து ராணுவக் கணக்கு ஆபீசிலிருந்து அனுப்புவது. மணியார்டர் தாளின் அடியில் சேதி எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, ஆயா கைநாட்டு வைத்துவிட்டு அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாம். அனுப்பியது ஒரு குமாஸ்தா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலியான துண்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறாள். டப்பாவில் கடிதத்தைவிட அவைதான் அதிகம்.

1943-ல் தாத்தாவின் அப்பா காலமானார். ஐந்தாவது கடிதம் முதல் முறையாக ஆயாவின் பெயருக்கு வருகிறது. 'அப்பா போன செய்தி மூன்று மாதம் கழித்து இன்றுதான் கிடைத்தது. தலை மழித்துக்கொள்ள உத்தரவு கேட்டேன். கொடுத்தார்கள். மாட்டை விற்றது சரிதான்.' அவ்வளவுதான். அடுத்த வரியில் மாடு.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊர். மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன், கண்ணிவெடி அகற்றும்போது தன் ஆள் ஒருவர் மிதித்த வெடியின்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். சாப்பர்கள் நடுவில் அந்தச் செய்தி பரவாமல் இருந்திருக்காது. அதற்கடுத்து வந்த தாத்தாவின் கடிதத்தில் இருப்பது: 'நலம். இங்கே மழை ஓயவில்லை. காலுறை காய்வதில்லை.' எழுதத் தடை இருந்தது, உண்மை. ஆனால் தடை இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வந்து முப்பது வருஷம் இதே ஊரில் இருந்தார். அப்போதும் காலுறையைப் பற்றித்தான் சொன்னார்.

ஆயாவின் கடிதங்களுக்கு வருகிறேன். ஒன்றுகூட இல்லை. வீட்டில் இருப்பவளுக்கு டப்பா உண்டு. முகாம் மாறிக்கொண்டே இருப்பவனுக்குத் தோள்மூட்டைதான். நனையும், கிழியும், எரியும். பெரும்பாலான பட்டாளத்து வீடுகளில் இதுதான் கதை: பாதிப் பேச்சு மட்டும் மிஞ்சும். ஆகவே தாத்தாவின் பதில்களை வைத்து ஆயாவின் கேள்விகளை எழுதிப் பார்த்தேன். 'ரேஷன் அரிசி போதாவிட்டால் கேழ்வரகு வாங்கு, கடன் வாங்காதே' என்றால், அரிசி போதவில்லை என்று எழுதியிருக்கிறாள். 'மோதிரத்தை அடகு வைக்காதே, பணம் வரும்' என்றால், தங்கச்சி கல்யாணம் நெருங்குகிறது. 'பெரியவளுக்கு அம்மை இறங்கியது அறிந்து நிம்மதி' என்றால், அதற்கு முந்தின கடிதம் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் கேள்வியும் கிடைத்துவிட்டது.

எட்டாவது கடிதத்தில் ஒன்று மட்டும் மாட்டவில்லை. வீட்டுக் கூரையின் ஓடு மாற்றுவது பற்றி எழுதிவிட்டு, நடுவில் தனி வரியாக: 'நீ கேட்டதற்கு, ஆமாம்.' அப்புறம் மறுபடி ஓடு.

ஆயாவிடமே கேட்டேன். அப்போது அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தாள். "அதைப் போயி டீச்சரம்மாகிட்ட சொல்ல முடியுமா? உங்க அத்தையை விட்டு ஓரத்துல ஒரு வரி எழுதச் சொன்னேன்" என்றாள். என்ன வரி என்று கேட்டால், "உனக்கெதுக்குடா அது?"

அத்தைக்கு அப்போது ஏழு வயது. அவளையும் விடவில்லை. "என்ன எழுதினேன்னு சுத்தமா ஞாபகம் இல்லடா. ஏதோ ஒரு எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துட்டேன். அதனாலதான் அப்பா வர லேட்டாகுதுன்னு ரொம்ப நாள் பயந்துகிட்டு இருந்தேன்" என்றாள்.