ஓனரம்மாவைப் பார்க்கும் கண்

வணக்கமுங்க. திருப்பூரில் நின்று பேசுகிறேன், ஊர்க் கதையிலேயே தொடங்கிவிடுகிறேன். பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசா, பீகார் ஆட்களைப் பற்றி நம்மவர்கள் எழுதும் சிறுகதைகளை விடாமல் படிக்கிறேன். பரிவோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் பார்க்கிற கண் வீட்டு ஓனருடையது. லைன் வீட்டில் ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர், மூலையில் கேஸ் அடுப்பு, கடுகெண்ணெய் வாசம். அதோடு கதை வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே இருப்பவன் சிரிப்பான், அழுவான், யோசிக்க மாட்டான்.

1935-இலேயே புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ கதையில், கூலி வேலைக்குப் போகும் மருதி என்ற பெண்ணோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விட்டார். நாம் இன்னும் படி ஏறவில்லை.

அப்படியானால் வெளியாள் கண்ணால் எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம். வங்காளக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் ஜும்பா லாஹிரியின் 1999 சிறுகதைத் தொகுப்பில் ‘மிஸஸ் சென்’ என்று ஒரு கதை. அமெரிக்காவுக்குப் போன வங்காளிப் பெண்ணை நமக்குக் காட்டுவது எலியட் என்ற 11 வயது அமெரிக்கப் பையனின் கண். தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து அவள் காய் நறுக்குகிறாள். கையில் இருப்பது கிட்டத்தட்ட நம் அருவாமனையேதான். ஊரில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே நறுக்குவார்களாம். இங்கே இருக்கிற அமைதியில் தூக்கம் வருவதில்லை என்கிறாள். பையன் கேட்டுக்கொள்கிறான், அவ்வளவுதான். ‘பாவம், தனிமை’ என்று சொல்ல ஆசிரியர் குறுக்கே வருவதே இல்லை. அவனுக்குப் புரியாதது நம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது கண்ணைத் திருப்புங்கள். ஒண்ணரை ஷிப்ட் முடித்து, ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு ராத்திரி எட்டரைக்கு வருகிற பையன் பார்க்கும் ஓனரம்மா யார்? அட்வான்ஸை எண்ணி வாங்குகிறவர். தண்ணி மோட்டாரைத் தன் கையாலேயே நிறுத்துகிறவர். மகன் அமெரிக்காவில் இருப்பதால் பேரனை வீடியோ காலில் மட்டுமே பார்க்கிறவர். அந்தக் கதையில் தனியாகக் கிடப்பது ஓனரம்மாதானே!

அதற்காக ‘நான்’ என்று அவன் குரலில் எழுதிவிட்டால் போதாது. சனிக்கிழமைச் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு என்று அவன் பிரிக்கிற கணக்கு தெரியாத ‘நான்’, ஓனர் குரல்தான்.

ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். தீபாவளியைப் பற்றி எழுதச் சொன்னது போதும். குடியிருக்கும் வீட்டு ஓனரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.