கியூபெக் கேட்டதை கிரீ மக்களும் கேட்டார்கள்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சிறுபான்மைப் பகுதி ஒன்றுக்கு நாட்டைவிட்டுப் பிரிந்துபோகும் உரிமை உண்டா? இதுதான் தலைப்பு. அரை மணி நேரத்தில் முடிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். ஐ.நா. சபையே இன்னும் முடிக்காத சங்கதி இது. அதனால் உலகம் சுற்றாமல் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்.

1995 அக்டோபர் 30. தனி நாடாவதா என்று கியூபெக் மக்கள் வாக்களித்தார்கள். நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. செல்லாதென ஒதுக்கிய சீட்டுகளோ 86,000க்கு மேல்! பிரிவினையை எதிர்ப்பவர்கள் நிறைந்த ஷோமெடே தொகுதியில் பத்துக்கு ஒரு வாக்குக்கு மேல் தள்ளுபடி. போட்ட குறி சரியில்லை என்று சொல்லி எடுத்துப் போட்டதாகப் பெரிய தகராறே நடந்தது.

சீட்டில் இருந்த கேள்வியைக் கேளுங்கள். கியூபெக்கின் எதிர்காலம் பற்றிய மசோதாவுக்கும் 1995 ஜூன் 12இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் உட்பட்டு, புதிய பொருளாதார, அரசியல் கூட்டுக்குக் கனடாவை முறைப்படி அழைத்த பிறகு, கியூபெக் இறைமை பெற்ற நாடாக ஒப்புகிறீர்களா? சிரிக்கிறீர்கள். நாடு பிரிகிறதா, பங்காளியாக நீடிக்கிறதா? இரண்டு பேரும் தலையாட்டுகிற மாதிரி எழுதிய கேள்வி. எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல.

அவர்கள் குறை பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. 1982இல் கியூபெக் அரசின் சம்மதம் இல்லாமலே கனடா புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது. அதைச் சரிக்கட்ட வந்த மீச் ஏரி ஒப்பந்தம் 1990இல் கவிழ்ந்தது. கோபம் வராமல் என்ன செய்யும்?

இப்போது வடக்கே வாருங்கள். ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய காடுகளும் ஆறுகளும் கிரீ பழங்குடியினரின் நிலம். 1971இல் கியூபெக் முதல்வர் ரோபேர் பூராஸா அங்கே மாபெரும் நீர்மின் திட்டத்தை அறிவித்தார். வேட்டையாடி மீன்பிடித்து வாழும் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் நீதிபதி மாலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. அணை எழும்பிக்கொண்டிருக்க, 1975இல் கிரீ மக்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று கியூபெக்கின் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த ஆறுகளில் இருந்துதான் வருகிறது.

இருபது வருஷம் கழித்து அதே கியூபெக், 'நாங்கள் ஒரு மக்கள் இனம், எங்கள் விதியை நாங்களே முடிவுசெய்வோம்' என்கிறது. கிரீ தலைவர் மாத்தியூ கூன் கம் என்ன செய்தார் தெரியுமா? மாநில வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 24 அன்று, தம் மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடத்தினார். நம்மையும் நம் நிலத்தையும் கியூபெக் அரசு கனடாவிலிருந்து பிரிக்கச் சம்மதமா என்பது கேள்வி. 96 சதவீதம் பேர் சம்மதமில்லை என்றார்கள். கியூபெக் எந்த நியாயத்தைச் சொல்லிக் கனடாவிடம் வாதாடியதோ, அதே நியாயம்! கனடாவைப் பிரிக்கலாம், கியூபெக்கை மட்டும் பிரிக்கக் கூடாது என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னார்கள், அதுதான் வேடிக்கை. மாநில வாக்கெடுப்பில் தோற்ற அன்று இரவு கியூபெக் முதல்வர் ஜாக் பாரிஸோ, பணமும் பிற இனத்தார் வாக்கும் தங்களைத் தோற்கடித்ததாக மேடையிலேயே பேசினார். மறுநாள் பதவி விலகலை அறிவித்தார்.

1998இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. தன்னிச்சையாகப் பிரிந்துபோகும் உரிமை இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆகவேண்டும். தீர்ப்பு சிறுபான்மையினர் பாதுகாப்பையும் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. என் பார்வையில், இந்த வழக்கில் இவ்வளவு நேர்மையாகப் பேசியவர்கள் வேறு யாருமில்லை.

பிரிய வழிவிட்டால் ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்கிறவர்களுக்கு எத்தியோப்பியாவைக் காட்டுவேன். அதன் 1995 அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவு பிரியும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. இதுவரை அந்த வழியில் ஒருவரும் வெளியே போகவில்லை. எழுதிவைத்தாலே போதும் என்கிறவர்களுக்கும் அதே நாட்டைத்தான் காட்டுவேன்: 2020 முதல் 2022 வரை திக்ரேயில் நடந்த போர்.

கேட்பதையே குற்றமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். 1977 தேர்தலில் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. அமிர்தலிங்கம் இலங்கை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1983 ஜூலைப் படுகொலைகளுக்கு அடுத்த மாதமே ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடு, இல்லையேல் பதவி போகும். எடுக்க மறுத்தவர்கள் பதவியை இழந்தார்கள். வாக்குச் சீட்டோடு வந்தவர்களை வெளியே தள்ளிவிட்டு, ஆயுதத்தோடு நின்றவர்களிடம் களத்தை விட்டுக்கொடுத்த சட்டம் அது. இந்தியாவும் 1963இல் பிரிவினைக் கோரிக்கைக்கு எதிராகப் பதினாறாம் திருத்தம் கொண்டுவந்தது. இங்கே அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார், தி.மு.க. தேர்தலில் நின்று 1967இல் ஆட்சிக்கே வந்தது. போவதற்கு வேறு கதவு இருந்தது.

ஆகவே என் வாதம் இது. கேட்கும் உரிமை வேண்டும், பிரிய வழியும் வேண்டும். ஆனால் ஒரே நாள் வாக்கெடுப்பில், பாதிக்கு மேல் ஒரு வாக்கு வந்துவிட்டது என்று நாட்டை முறிக்கக் கூடாது. சில வருஷ இடைவெளியில் இரண்டு முறை மக்கள் அதையே சொல்லட்டும். பிரியும் பகுதிக்குள் வாழும் கிரீ மக்களைப் போன்றவர்களுக்குத் தனி வாக்கும், எந்தப் பக்கம் நிற்பது என்ற தேர்வும் வேண்டும்.

உடனே ஒருவர் எழுந்து, கிரீ நிலத்துக்குள் ஒரு கிராமம் கேட்டால் என்ன செய்வீர் என்பார். சொந்த நிலமும் நெடிய வரலாறும் தன்னாட்சி நடத்திய பழக்கமும் உள்ளவர்களுக்கு ஆம் என்பேன். ஒரு தெருவுக்கு இல்லை என்பேன். நடுவில் எல்லைக்கோடு எங்கே போடுவது? என் கணக்கு உங்களில் பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். கேள்வி நேரம் இருக்கிறது, வாருங்கள்.