ஷிப்ட் முடிகிற நேரமும் சாமான் எடுக்கிற நேரமும்

வணக்கம் நேயர்களே.

இங்கே லண்டனில் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் ‘கிளிக் அன்ட் கலெக்ட்’ என்று ஒரு சேவை இருப்பது உங்களுக்குத் தெரியும். போனில் ஓர்டர் கொடுத்து, சாமான் எடுக்க வசதியான ஒரு நேரத் தவணையைத் தெரிவுசெய்து, கார் பார்க்கில் போய் நின்றால் சாமானைக் கொண்டுவந்து தருவார்கள். அந்தச் சேவையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிவரை நீட்ட வேண்டும் என்று கேட்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள். 12 மணித்தியால ஷிப்ட். பகல் வேலை இரவு 8 மணிக்கு முடிகிறது என்பது தாளில்தான். அடுத்து வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியின் விபரமும் சொல்லி ஒப்படைத்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வர எட்டரை தாண்டிவிடும். என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கடைசித் தவணை ஏழிலிருந்து எட்டு. இரவு வேலை முடித்து விடிய வருகிறவர் பாடு இன்னும் மோசம். முதல் தவணை 10 மணிக்கு. இரவு முழுக்கக் கண் விழித்த மனிசி அதுவரைக்கும் நித்திரை கொள்ளாமல் காத்திருக்க வேண்டுமா?

நான் சில வருடம் கடையின் அந்தப் பக்கம் நின்று ஓர்டர் எடுத்துக் கட்டியவள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நான் வேலை செய்த கடையில் விடியப்புறம் 4 மணிக்கே நாங்கள் வந்துவிடுவோம். ஒரு தள்ளுவண்டியில் பல பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு வீட்டுக்கு. கையில் கட்டிய ஸ்கேனர் எந்த வரிசை, எந்தத் தட்டு என்று காட்டும். அரிசி, பருப்பு ஒரு பக்கம், பால், இறைச்சி குளிரறைக்கு, ஐஸ்கிரீமும் உறைந்த மீனும் உறைகுளிர்ப் பெட்டிக்கு. குளிர்ச் சாமான் 8 பாகைக்கு மேலே போகக் கூடாது, உறைந்த சாமான் மைனஸ் 18 பாகையில் இருக்க வேண்டும். இப்படி எல்லாம் பிரித்துக் கட்டிப் பெயர் ஒட்டி, காலை 6 மணிக்கு ஒரு தொகுதி ஓர்டர் தயாராக இருக்கும். கடைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், வெளிச்சம் எரிகிறது, பெட்டி கட்டியிருக்கிறது. கார் பார்க்குக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆளை ஒதுக்கினால் காலை நேரம் சரி.

இரவுதான் சிக்கல். பின்னேரம் 6 மணிக்குப் பிறகு தட்டுகள் காலியாகத் தொடங்கிவிடும். அப்போது ஓர்டர் எடுத்தால் பாதிச் சாமான் இருக்காது. கொத்தமல்லி இல்லையென்று பார்ஸ்லி வரும், நாட்டுக்கோழிக்குப் பதிலாக எலும்பில்லாத நெஞ்சுத் துண்டு வரும். ஆகவே இரவுத் தவணைக்கான சாமானை மத்தியானமே எடுத்துக் கட்டிவிட வேண்டும். பிறகு இரவுவரை வைத்திருக்க இடம் வேண்டும். பல கடைகளில் பின்பக்கக் குளிரறை சின்னது. நேரத்தை நீட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டுக் குளிரறையைப் பெருப்பிக்காவிட்டால், வாடிக்கையாளருக்கு நீண்ட நேரமும் வாடின கீரையும்தான் கிடைக்கும்.

நிர்வாகங்களுக்கு இதில் நட்டம் பெரிதாக வராது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் வானும் வேண்டும், சாரதியும் வேண்டும். இதில் வாடிக்கையாளரே வாசலுக்கு வருகிறார்.

ஆனால் இந்த நீட்டிப்பு, இருக்கிற ஆட்களை இழுத்துப் பிடித்துச் செய்கிற வேலையாக இருக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. 1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிகளின்படி ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் பொதுவாக 11 மணித்தியால ஓய்வு இருக்க வேண்டும். இரவு 11 மணிக்குக் கடைசிப் பெட்டியைக் கொடுத்தவரைக் காலை 6 மணிக்கு வரச் சொல்ல முடியாது. ஆகவே புதிதாக ஆள் எடுக்க வேண்டும். இன்னொன்று, மாரிகால இருட்டில், கார் பார்க்கின் கடைசி மூலையில், ஒரு பெண் பிள்ளையைத் தனியே பெட்டி தள்ள விடக் கூடாது. இரண்டு பேர் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், கடைசி பஸ்ஸின் நேரம் பார்த்து வேலை முடிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை நான் கேட்கவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10க்கும் மாலை 6க்கும் இடையில் 6 மணித்தியாலம் மட்டுமே திறக்கலாம். 2012 ஒலிம்பிக்ஸுக்காக 8 ஞாயிறுகள் தளர்த்தினார்கள். ஞாயிறு நேரத்தை உள்ளூராட்சி சபைகளே தீர்மானிக்கலாம் என்று 2016இல் அரசாங்கம் கொண்டுவந்த திட்டம் 317க்கு 286 என்று பாராளுமன்றத்தில் தோற்றது. கடைத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்து நின்றது, நானும் அந்தப் பக்கம்தான். அந்த ஒரு நாளில்தான் எங்கள் தமிழ்ச் சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, வேலை செய்கிறவரும் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுகிறார். மற்ற ஆறு நாளுக்கும் இந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, கடை மனம் வைத்தால் போதும்.

நேயர்கள் ஒன்று செய்யலாம். முகாமையாளரிடம் ‘நேரம் காணாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தெந்த நாள், ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, எந்தத் தவணை இருந்தால் ஓர்டர் கொடுப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வார்டில் பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வையுங்கள். ஒரு தவணைக்கு எத்தனை ஓர்டர் வரும் என்று பார்த்துத்தான் கடையில் ஆள் போடுவார்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால், முதலில் வியாழன், வெள்ளி இரண்டு இரவுகளாவது பரீட்சித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.