600 ரூபாய் டிஸ்க்மேனும் தேவகோட்டை பஸ்ஸும்

வணக்கம் மக்களே. இன்றைய வீடியோவில் செட்டிநாட்டுப் பெரிய வீடும் இல்லை, ஆத்தங்குடித் தரைக்கல்லும் இல்லை. இதோ என் கையில் இருக்கிறதே, இதைப் பற்றித்தான் பேச்சு. டிஸ்க்மேன், கையோடு கொண்டுபோய்ப் பாட்டுக் கேட்கும் சிடி பிளேயர். எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்.

வாங்கியது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கே. மங்குத் தட்டுக்கும் பித்தளைத் தூக்குவாளிக்கும் நடுவே தூசியோடு கிடந்தது. "வேலை செய்யுமா அண்ணே?" என்றேன். "சுத்துது தம்பி. பாடுதான்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். 800 சொல்லி 600-க்குக் கொடுத்தார்.

நீங்களும் இப்படி வாங்கப் போனால் ஒரு சிடியும் இரண்டு பென்சில் செல்லும் கையோடு கொண்டுபோங்கள். போட்டுப் பார்க்கும்போது கடைசிப் பாட்டைப் போடுங்கள், முதல் பாட்டை அல்ல. சிடியில் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி வெளி ஓரத்துக்குப் போகும். சிடியைப் படிக்கும் லென்ஸ் நகரும் தடத்தில் கிரீஸ் காய்ந்திருந்தால் முதல் பாட்டு ஜோராகப் பாடும், ஓரத்துக்குப் போகப் போகத்தான் திணறும். நான் பார்த்தது முதல் பாட்டை மட்டும். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. அப்புறம் திறந்து, துடைத்து, ஒரு பொட்டு கிரீஸ் வைத்துச் சரிசெய்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தினமும் கோட்டையூரில் ஏறி, காரைக்குடியில் மாறி, தேவகோட்டை போகிறவன். இந்த மாதிரிப் பயணத்துக்கு டிஸ்க்மேன் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஒலித்தரம் இல்லை, மூடியில் போட்டிருக்கும் செகண்ட் கணக்கு. இதில் 40 என்று இருக்கிறது, பாருங்கள். சிடியைத் தேவையைவிட வேகமாகச் சுற்றி, அடுத்து வரப்போகும் 40 செகண்ட் பாட்டை முன்கூட்டியே மெமரியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பஸ் குலுங்கி லென்ஸ் தடம் மாறினாலும் காதுக்குப் பாட்டு மெமரியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதற்குள் லென்ஸ் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். 1984-ல் சோனி கொண்டுவந்த டி-50, முதல் கையடக்க சிடி பிளேயர், அதில் இந்த வசதியெல்லாம் கிடையாது. நம் ஊர் வேகத்தடையில் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் 40 செகண்டும் ஒரு கணக்குத்தான். ஒரு குலுக்கலைத் தாங்கும். தோண்டிப் போட்ட ரோட்டில் விடாமல் குலுங்கினால் லென்ஸுக்குப் பிடிக்க நேரமே இருக்காது, மெமரி காலியாகிப் பாட்டு நின்றுவிடும். சீட்டின் மேலேயோ ஜன்னல் கம்பியோடு ஒட்டியோ வைக்காதீர்கள். உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள், பாதிக் குலுக்கலைக் கை வாங்கிக்கொள்ளும். என்னைப் பார்த்துப் பக்கத்து சீட்டு ஐயா ஒருவர், "என்ன தம்பி, பிரசாதமா?" என்று கேட்டார்.

அதைவிடப் பெரிய தொல்லை, பஸ்ஸிலேயே பாட்டு ஓடுவது. தலைக்கு மேலே ஸ்பீக்கர். என் காதில் ஒரு பாட்டு, பஸ்ஸுக்கு ஒரு பாட்டு. இந்த விலைப் பிளேயருக்கு ஹெட்போனைத் தள்ளும் சக்தி குறைவு, சத்தத்தைக் கூட்டி ஜெயிக்க முடியாது. காதுக்குள் அடைத்து உட்காரும் ரப்பர் இயர்போன் மாட்டினேன், ஓரளவு நிம்மதி.

செல் விஷயம் சுருக்கமாக. ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5 வோல்ட். அதனால் ரீசார்ஜ் செல் போட்டால் இது சீக்கிரமே பேட்டரி இல்லை என்று அழும். பாட்டை எம்பி3-யாக எழுதிய சிடி போட்டால் அதே மெமரியில் அதிக நேரப் பாட்டு கொள்ளும், மோட்டார் இடையிடையே ஓய்வெடுக்கும், செல்லும் கூடுதலாக உழைக்கும். 700 எம்பி சிடியில், 128 கேபிபிஎஸ் தரத்தில் எழுதினால், 12 மணி நேரத்துக்கு மேல் பாட்டு வைக்கலாம். எனக்கென்னவோ சாதாரண 74 நிமிஷ ஆடியோ சிடிதான் பிடிக்கிறது. போக ஒன்று, வர ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தூர்ப் பெரியம்மா இதைப் பார்த்துவிட்டுப் பெட்டகத்திலிருந்து தன் மகள் கல்யாண சிடியை எடுத்து வந்து, "இதைப் போடுப்பா, மேளச் சத்தமாவது கேட்கட்டும்" என்றார்கள். அது வீடியோ சிடி, இதில் பாடாது. முகம் வாடிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒலியை மட்டும் பிரித்து ஆடியோ சிடியாக எழுதிக் கொடுத்தேன். முகப்பில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் இயர்போனை வைத்துக்கொண்டு கேட்டார்கள். நாதஸ்வரத்துக்கு நடுவில் யாரோ, "இலை போட்டாச்சா, இலை போட்டாச்சா" என்று கத்துகிறார்கள். "அது உன் பெரியப்பா குரல்" என்றார்கள்.

ஆக, இந்த வாரம் டிஸ்க்மேன் பள்ளத்தூரில் இருக்கப் போகிறது. இந்த வீடியோ முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் பஸ் பாட்டையே கேட்டுக்கொள்கிறேன்.