கல் போல ஒரு முண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குச் சற்று மேலே கல் போல ஒன்று கையில் தட்டுப்படுகிறது. அமுக்கினால் வலியில்லை, அசைத்தால் அசையவில்லை. தேடிப் பார்த்தால் மறு காலில் ஒன்று, மணிக்கட்டருகே ஒன்று, தோள்பட்டை எலும்பில் ஒன்று. அப்பாவின் காலைத் தடவினால் அங்கேயும் இருக்கிறது. சீட்டில் டாக்டர் ‘மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ்’ என்று எழுதுவார். பரம்பரையாக வரும் எலும்பு முண்டுகள். ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. இது புற்றுநோய் அல்ல.

வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளில், நுனிக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். இஎக்ஸ்டி-1, இஎக்ஸ்டி-2 என்ற இரு மரபணுக்களில் ஒன்று பழுதானால், ஹெப்பரான் சல்பேட் என்ற பொருள் போதிய அளவில் உருவாகாது. அது குறைந்தால் தட்டின் ஓரத்துக் குருத்தெலும்பு பக்கவாட்டில் முளைத்துவிடும். அடியில் எலும்பு, மேலே குருத்தெலும்புத் தொப்பி, இதுதான் முண்டு. வளர்ச்சித் தட்டு மூடியதும் முண்டும் வளர்வதை நிறுத்த வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

தாய், தந்தை ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. பத்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே புதிதாக வருவதும் உண்டு. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று மருமகளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எண்ணெய் போட்டு உருவினாலும், பாலை நிறுத்தினாலும் முண்டு கரையாது; அது எலும்பு.

எல்லா முண்டையும் வெட்ட வேண்டியதில்லை. வலி, நரம்பு அல்லது ரத்தக்குழாய் நசுங்குதல், மூட்டு மடங்காமை, எலும்பு கோணுதல் இவற்றுக்குத்தான் கத்தி. வெட்டும்போது தொப்பியையும் அதைப் போர்த்திய சவ்வையும் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் மறுபடி முளைக்கும். சின்ன வயதில் முண்டு வளர்ச்சித் தட்டை ஒட்டியே இருக்கும். அவசரப்பட்டால் தட்டு காயப்பட்டு எலும்பு கோணிவிடும். முடிந்தவரை காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

முன்கையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அங்குள்ள இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு குட்டையாகிவிட்டால், மற்றது வில்லாக வளைந்து, முழங்கையில் அதன் தலை நழுவிவிடலாம். வீட்டில் எளிதாகப் பார்க்கலாம்: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, விபூதி வாங்குவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்லுங்கள், பிறகு கவிழ்க்கச் சொல்லுங்கள். போன முறையைவிடக் குறைவாகத் திரும்பினால் உடனே காட்டுங்கள். முட்டி இரண்டும் இடித்துக்கொண்டு கால் வளைகிறதா? வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே தட்டின் ஒரு பக்கம் சின்ன உலோகத் தகடு வைத்தால், மறுபக்கம் வளர்ந்து கால் தானே நேராகும். வளர்ச்சி முடிந்த பின் வந்தால் எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும்.

முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே முண்டு இருந்தால் பாதத்தைத் தூக்கும் நரம்பு அதன் மேல் போகும். நடக்கையில் முன்பாதம் தரையில் உரசுவது அது நசுங்கும் அடையாளம். அரிதாக முதுகெலும்பின் உள்ளேயும் முண்டு நீளும். கால் மரத்து, சிறுநீர் கழிக்கத் தடுமாறினால் அது அவசரம்.

இனி, நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருவோம். வளர்ச்சி நின்ற வயதுக்குப் பின் ஒரு முண்டு பெரிதானாலோ, புதிதாக வலித்தாலோ சந்தேகப்பட வேண்டும். நூற்றில் ஒரு சிலருக்கு அது குருத்தெலும்புப் புற்றாக மாறும். இடுப்பெலும்பு, தோள்பட்டை எலும்பு, தொடையின் மேல்பகுதி ஆகிய இடங்களில் கூடுதல் கவனம் தேவை. இடுப்புக்குள் இருப்பது கைக்கே தட்டுப்படாது. தொப்பியின் கனத்தை எக்ஸ்ரே காட்டாது, எம்ஆர்ஐ காட்டும். பெரியவர்களில் அது 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் புற்றுநோய் அறுவை தெரிந்தவரிடமே போக வேண்டும்.

பழைய படங்களை வீசிவிடாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே பக்கத்தில் இருந்தால்தான், முண்டு வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியும்.

வணக்கம்.